தோட்டத்து ஞாபகங்களுக்குன்னு ஒரு இதழ், எழுதித் தர்றீங்களா?

சுங்கை சிப்புட் பிள்ளை:
வணக்கம் எல்லாருக்கும். மலேசியாவுல நம்ம பழைய தீம்பார் (ரப்பர் தோட்டம்) வாழ்க்கைய வாசகருங்களே எழுதுற மாதிரி ஒரு சின்ன இதழ் போடலாம்னு நாங்க நாலு பேரு பேசிக்கிட்டிருக்கோம். தோட்டத்துல வரிசையா இருந்த எங்க லயத்து வீடெல்லாம் இடிச்சு செம்பனை நட்டுட்டாங்க, அம்மாவுக்கும் வயசாகுது, இப்ப கேட்டு எழுதலன்னா எப்ப எழுதுறது? எதுல இருந்து ஆரம்பிக்கலாம் சொல்லுங்க.

பெரட்டு மணி:
தம்பி, ரொம்ப நல்ல காரியம். பெரிய விஷயமே வேணும்னு கேக்காதீங்க, சின்னச் சின்னதா கேளுங்க. எங்கம்மா விடியகாலை இருட்டுல தலையில விளக்கு கட்டிக்கிட்டு ரப்பர் மரம் சீவப் போவாங்க, திரும்பி வந்து குளிச்சாலும் கோட்டுப்பால் (உறைஞ்ச ரப்பர் பாலு) வாடை கைய விட்டுப் போகாது, அந்தக் கையாலதான் எனக்கு சோறு ஊட்டுவாங்க. அந்த வாடை இப்பவும் எனக்கு அம்மா வாடைதான்.

கிள்ளான் அக்கா:
வேலைக்குப் போறவங்க கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயக்கொட்டாயில தொட்டில் ஆட்டின ஆயம்மாவப் பத்தி யாராவது கண்டிப்பா எழுதணும்பா. அப்புறம் 1960ல, அப்ப மந்திரியா இருந்த துன் சம்பந்தன் ஆரம்பிச்ச நில நிதிக் கூட்டுறவு சங்கம், அவரு உங்க ஊருக்காரருதானே, தோட்டத்த துண்டு போட்டு வித்துக்கிட்டிருந்த நேரத்துல கூலிக்காசுல பங்கு கட்டி தோட்டம் வாங்கினாங்களே, அந்தப் பங்குச் சீட்ட இன்னும் பெட்டியில வச்சிருக்கிற வீடுங்க இருக்கும். போட்டோ எடுத்துப் போடுங்க.

சுங்கை சிப்புட் பிள்ளை:
நன்றிண்ணே, நன்றிக்கா. அம்மாகிட்ட கேட்டேன், தாத்தாவோட சீட்டு துணிப்பெட்டி அடியிலயே இருக்காம், ஞாயித்துக்கிழமை எடுத்துப் பாக்குறோம்.