மூன்றாம் விதிச் சோதனை: இரண்டு ஸ்பிரிங் தராசும் வேறு வேறு அளவு காட்டுகின்றன, உதவி தேவை

குடியாத்தம் டியூஷன்:
வணக்கம். வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். முதல் பாடமே இயக்க விதிகள். நியூட்டனின் மூன்றாம் விதியை, அதாவது ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்பதை, கண்ணால் காட்டிவிடலாம் என்று ஒரு கிலோ ஸ்பிரிங் தராசு இரண்டு வாங்கினேன். உலோகக் கூடு, ஒரே மாடல். ஒன்றை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, இன்னொன்றைத் தலைகீழாகத் திருப்பி, கொக்கியோடு கொக்கி கோத்துக் கீழே இழுத்தேன். இரண்டும் ஒரே அளவு காட்ட வேண்டும் அல்லவா? மேலே இருப்பது 600 கிராம், கீழே இருப்பது 540. கூட இழுத்தாலும் குறைய இழுத்தாலும் அதே 60 கிராம் இடிக்கிறது. தராசுகளை இடம் மாற்றி மாட்டியும் பார்த்துவிட்டேன், அப்போதும் மேலே இருப்பதுதான் அதிகம் காட்டுகிறது. "அப்போ நியூட்டன் சொன்னது தப்பா மிஸ்?" என்று ஒருவன் கேட்க, வகுப்பே சிரிக்கிறது. கோளாறு எங்கே?

ஆம்பூர் பாய்:
கையால் இழுத்தால் ஆடத்தான் செய்யும். மூன்றாம் விதி அசையாமல் இருக்கும் பொருளுக்குத்தான் சரியாக வரும். கீழே ஒரு எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள்.

காட்பாடி லேப்:
எடைக்கல் நல்ல யோசனை பாய், கை நடுக்கம் போகும். ஆனால் அசையாத பொருளுக்கு மட்டும் என்று விதியில் எங்கும் இல்லை. நின்றாலும் ஓடினாலும், வேகம் கூடிக்கொண்டே போனாலும், இரண்டு கொக்கிகளும் ஒன்றையொன்று இழுப்பது சமம்தான். எடைக்கல் கட்டினாலும் அந்த 60 கிராம் போகாது.

டீச்சர், துப்பு உங்கள் பதிவிலேயே இருக்கிறது. கருவி கெட்டிருந்தால், இடம் மாற்றியபோது கோளாறும் அதோடு போயிருக்கும். இங்கே கோளாறு கருவியோடு போகாமல் இடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் காரணம் புவியீர்ப்பு.

தராசு காட்டுவது கொக்கியில் விழும் விசையை அல்ல, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எவ்வளவு நீள்கிறது என்பதை. கொக்கி, அதன் தண்டு, முள், ஸ்பிரிங்கில் ஒரு பங்கு, இவையெல்லாம் ஸ்பிரிங்கில் தொங்கும் சுமைதான். சுமார் 30 கிராம் இருக்கும் என்று வையுங்கள். தராசை நேராகத் தொங்கவிட்டுத்தான் பூஜ்ஜியம் குறித்திருக்கிறார்கள், ஆகவே அந்த 30 கிராம் முன்பே கழிக்கப்பட்டுவிட்டது. மேல் தராசு ஒழுங்காகவே காட்டுகிறது. தலைகீழாகத் திருப்பினால் அதே 30 கிராம் ஸ்பிரிங்கை நீட்டாமல் எதிர்ப்பக்கம் அமுக்கும். முதலில் கழித்த 30, இப்போது அமுக்கும் 30, ஆக 60. உங்கள் கணக்கு வந்துவிட்டதா?

சும்மா தலைகீழாகப் பிடித்தால் இது கண்ணுக்குத் தெரியாது. முள் பூஜ்ஜியத்துக்கு அப்பால் போக இடமில்லாமல் முட்டி நிற்கும். பலரும் ஏமாறுவது இங்கேதான்.

இரண்டையும் மேஜை மேல் படுக்கவைத்து இழுங்கள். அப்போதும் இரண்டும் 30 கிராம் குறைவாகவே காட்டும், ஆனால் சேர்ந்து குறையும். திருகு இருந்தால் படுத்த நிலையிலேயே பூஜ்ஜியத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். படிக்கும் முன் கூட்டை விரலால் லேசாகத் தட்டுங்கள், முள் பள்ளத்தில் உரசி நின்றிருக்கும்.

குடியாத்தம் டியூஷன்:
சார், படுக்கவைத்தேன். இரண்டும் 500! ரொம்ப நன்றி. ஆனால் அதே பையன் அடுத்ததை எடுத்துவிட்டான். காட்பாடி ஜங்ஷனில் இன்ஜின் பெட்டிகளை இழுக்கும் அளவுக்குப் பெட்டிகளும் இன்ஜினைப் பின்னால் இழுக்கின்றன என்றால் ரயில் எப்படிக் கிளம்புகிறது? இரண்டும் சமம்தானே, ஒன்றையொன்று அடித்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்கிறான்.

ஜோலார்பேட்டை ரிட்டயர்டு:
பையன் கெட்டிக்காரன். நியூட்டன் 1687-இல் இந்த விதியை எழுதும்போதே கயிற்றால் கல்லை இழுக்கும் குதிரையைத்தான் உதாரணம் சொன்னார். கல்லும் குதிரையை அதே அளவு பின்னால் இழுக்கிறது என்று. பதில் சக்கரத்துக்கு அடியில் இருக்கிறது. மழையில் தண்டவாளம் வழுக்கினால் லோகோ பைலட் சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவுவார், இன்ஜினிலேயே அதற்குப் பெட்டி உண்டு. பிடிமானம் இல்லாவிட்டால் எவ்வளவு பவர் இருந்தும் சக்கரம் சுற்றும், வண்டி நகராது.

காட்பாடி லேப்:
அதையே கணக்காகப் போடுவோம். டபிள்யூஏபி-7 என்ற மின்சார இன்ஜின் 123 டன். பெட்டிகள் 1,000 டன் என்று வைப்போம். சக்கரம் தண்டவாளத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது, தண்டவாளம் இன்ஜினை 3,00,000 நியூட்டனால் முன்னுக்குத் தள்ளுகிறது. மற்ற தடைகளை விட்டுவிடுவோம். மொத்த நிறை 1,123 டன், முடுக்கம் நொடிக்கு நொடி 0.267 மீட்டர். பெட்டிகளுக்குத் தேவை 2,67,000 நியூட்டன், அது இணைப்பில் கிடைக்கிறது. அதே 2,67,000 இன்ஜினைப் பின்னால் இழுக்கிறது. இன்ஜினுக்கு மிச்சம் 33,000. அதை 123 டன்னால் வகுத்தால் மறுபடி ஏறக்குறைய அதே 0.267.

அடித்துவிட முடியாதது ஏன் என்று பையனுக்கு இப்போது காட்டலாம். ஒன்று பெட்டி மேல், மற்றது இன்ஜின் மேல். ஒரே பொருளின் மேல் இருக்கும் விசைகளைத்தான் கூட்டிக் கழிக்கலாம். பலகையில் இரண்டு கட்டம் தனித்தனியாக வரையச் சொல்லுங்கள், ஒரே படத்தில் எல்லா அம்புக்குறியையும் போட்டால் குழப்பம் தீராது.

ஆற்காடு பிளஸ் ஒன்:
அண்ணா, மேஜை மேல் இருக்கும் புத்தகத்தின் எடையும், மேஜை அதை மேலே தள்ளும் விசையும் செயல், எதிர்ச்செயல் என்று என் நோட்ஸில் இருக்கிறதே?

காட்பாடி லேப்:
அந்த வரியை நோட்ஸில் அடித்துவிடு தம்பி. அந்த இரண்டும் ஒரே புத்தகத்தின் மேல் இருப்பவை. சமமாக இருப்பதற்குக் காரணம் புத்தகம் அசையாமல் இருப்பது, அதாவது முதல் விதி. மேஜையை லிஃப்டில் வைத்து மேலே கிளப்பினால் சமம் போய்விடும். பூமி புத்தகத்தை இழுப்பதற்குச் சோடி, புத்தகம் பூமியை இழுப்பது. மேஜை தள்ளுவதற்குச் சோடி, புத்தகம் மேஜையை அமுக்குவது. லிஃப்ட் கிளம்பினாலும் இந்தச் சோடிகள் சமமாகவே இருக்கும்.