மேக்ஃபைலில் டேப்: குற்றம் கருவியுடையதா, எழுதுபவருடையதா?

ராயபுரம்வாசி:
எங்கள் அலுவலகத்தின் கண்டெய்னர் கணக்கு மென்பொருளில், புதிதாகச் சேர்ந்த பெண் மேக்ஃபைலைத் திருத்தினார். மென்பொருளை எப்படிக் கட்டுவது (பில்டு) என்று மேக் என்ற கருவிக்குச் சொல்லும் கோப்பு அது; அதில் கட்டளை வரிகள் டேப் எழுத்தில்தான் தொடங்க வேண்டும். அவருடைய எடிட்டர் டேப்பை எட்டு ஸ்பேஸாக மாற்றிவிட்டது. "மிஸ்ஸிங் செபரேட்டர்" என்று சொல்லி பில்டு நின்றது. கண்ணுக்குத் தெரியாத எழுத்தை வைத்து ஆட்டிப்படைக்கும் கருவியை இன்னும் எதற்குக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

தண்டையார்பேட்டை பெரியவர்:
தம்பி, எட்டு ஸ்பேஸ் என்றால் க்னூ மேக் (பரவலாகப் புழங்கும் மேக் வகை) அதே வரியில் "டேப் போட நினைத்தீர்களா" என்று கேட்கவும் செய்யும். பாதிச் செய்தியைப் படித்துவிட்டுக் கருவியைத் திட்டுகிறீர்கள். டேப் தவறினால் பில்டு நிற்கும், அவ்வளவுதான். பயப்பட வேண்டியது வரிக் கடைசியில் ஒட்டிக்கொண்ட ஸ்பேஸுக்கு. ஒரு மாறிக்கு உங்கள் மூல நிரல் ஃபோல்டரின் பாதையைக் கொடுத்து, இரண்டு ஸ்பேஸ் விட்டு, ஹேஷ் போட்டுக் குறிப்பு எழுதிப் பாருங்கள். குறிப்பை மேக் வெட்டிவிடும். அந்த இரண்டு ஸ்பேஸும் மாறிக்குள்ளேயே தங்கிவிடும். பிறகு அந்த மாறியோடு "/பில்டு" சேர்த்து அழிக்கச் சொன்னால், கட்டளைகளை இயக்கும் ஷெல் அதை இரண்டு பாதைகளாகப் படிக்கும். முதல் பாதை உங்கள் மூல ஃபோல்டர். ஒரு எச்சரிக்கையும் வராது, எல்லாம் போய்விடும்.

ராயபுரம்வாசி:
அதுவும் கருவியின் குற்றம்தானே ஐயா? 1976இல் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்கை எழுதினார். ஏறக்குறைய ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்ததால், அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று டேப்பை மாற்றாமல் விட்டார். அவர்கள் சௌகரியத்துக்கு நாம் இன்றும் தண்டம் கட்டுகிறோம்.

மணலி இரவுப்பணி:
இருவரும் மேக்கையே சுற்றி வருகிறீர்கள். 2011இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் திட்டத்தின் நிறுவல் ஸ்கிரிப்டில், அழிக்கச் சொன்ன பாதையில் "/யூஎஸ்ஆர்" என்பதை அடுத்து ஒரே ஒரு ஸ்பேஸ் தவறுதலாகக் கூடுதலாக விழுந்தது. நிரல்கள் இருக்கும் பயனர்களின் யூஎஸ்ஆர் ஃபோல்டரே அழிந்தது. அதில் டேப் எங்கே வந்தது? எங்கள் சர்வரில் "எண்ணூர் துறைமுகம்" என்று ஒரு ஃபோல்டர். இரட்டை மேற்கோளுக்குள் போடாத ஸ்கிரிப்டுக்கு அது இரண்டு ஃபோல்டர்.

தண்டையார்பேட்டை பெரியவர்:
ஷெல்லுக்கு மேற்கோள் போதும். மேக்கின் இலக்குப் பெயரில் (உருவாக்க வேண்டிய கோப்பின் பெயரில்) ஸ்பேஸ் வந்தால் மேற்கோளும் காப்பாற்றாது. பேசாமல் அடிக்கோடு போட்டுப் பெயரை மாற்றுங்கள்.

ராயபுரம்வாசி:
ஆக, கருவிக்காக ஊர்ப் பெயரையே ஒட்டவைக்க வேண்டும்! குறைந்தபட்சம் டேப்பையாவது ஒழிக்கலாம். 2010இல் வந்த க்னூ மேக் 3.82 பதிப்பு முதல், டேப்புக்குப் பதில் வேறு குறியை வைத்துக்கொள்ள வழி இருக்கிறது.

தண்டையார்பேட்டை பெரியவர்:
இருக்கிறது. ஆனால் ஆப்பிள் கணினிகளுக்கு ஆப்பிளின் டெவலப்பர் கருவிகளோடு வருவது 3.81. உங்கள் குழுவில் எத்தனை பேர் அதில் வேலை செய்கிறார்கள் என்று முதலில் கேட்டுவிட்டு வாருங்கள்.