ஜேட் செடியின் இலை சுருங்குகிறது, தண்ணீர் ஊற்றலாமா?

மூன்றாம்மாடி:
சென்னை வேளச்சேரியில் மூன்றாவது மாடி வீடு. கிழக்கு ஜன்னலோரம் ஒரு ஜேட் செடியும் ஒரு எச்சிவேரியாவும் இருக்கின்றன, இரண்டும் தடித்த இலையில் தண்ணீரைச் சேமித்துவைக்கும் செடிகள். வாங்கும்போது, "வாரத்துக்கு ஒரு டம்ளர் போதும்" என்றார்கள். அப்படியே ஊற்றி வருகிறோம். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து ஜேட் இலைகள் சுருங்கித் தொய்ந்து கிடக்கின்றன. தாகம்தான், ஊற்று என்கிறார் அம்மா. ஊற்றவே ஊற்றாதே என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். எதை வைத்து முடிவு செய்வது?

தொட்டிக்காரி:
கிழமை பார்த்து ஊற்றுவதை முதலில் விடுங்கள் தம்பி. சித்திரையில் சட்டென்று காயும் தொட்டி, அடைமழையில் எத்தனை நாளானாலும் ஈரமாகவே கிடக்கும்.

இலை சுருங்கினால் தாகமாகவும் இருக்கலாம், வேர் அழுகலாகவும் இருக்கலாம். எல்லாரும் ஏமாறுகிற இடம் இதுதான். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் மண்ணில் ஈரம் இருந்தும் இலை தன் சேமிப்பைச் செலவழித்துச் சுருங்கும். நாம் பாவம் பார்த்து இன்னும் ஊற்றுவோம், மிச்ச வேரும் போய்விடும்.

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, தொட்டி ஓரமாக அடிவரை செருகுங்கள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தாலோ, குச்சி கருத்து மண் ஒட்டி வந்தாலோ, இன்னும் ஈரம் இருக்கிறது. மேல்மண்ணை நம்பாதீர்கள். தென்னைநார்த் தூள் கலந்த கலவையில் மேலே பொரிந்து கிடக்கும், அடியில் சேறாக இருக்கும்.

குச்சி காய்ந்து வந்து, கீழ் இலைகள் மட்டும் நிறம் மாறாமல் மெலிந்திருந்தால் அது தாகம். தாராளமாக ஊற்றலாம். இலை மஞ்சளாகி, ஊறிப்போன அப்பளம் மாதிரி ஆகி, தொட்டாலே உதிர்ந்தால் தண்ணீர் அதிகம்.

அப்புறம், அந்த டம்ளர் கணக்கு. ஊற்றுகிற அன்று அடித்துளையில் ஒழுகும்வரை ஊற்றிவிட்டு, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். அடுத்து, அடிவரை காய்ந்த பிறகுதான்.

மொட்டைமாடி:
எனக்குக் குச்சியெல்லாம் சரிப்படாது. தண்ணீர் ஊற்றி வடிந்ததும் தொட்டியை ஒரு தடவை தூக்கிப் பார்ப்பேன், சில நாள் கழித்து மறுபடி தூக்கினால் கைக்கே தெரிந்துவிடும். பிளாஸ்டிக் தொட்டியில் இது நன்றாக வேலை செய்யும். கனமான பீங்கானில் தெரியாது.

இன்னொரு விஷயம். ஜேட், எச்சிவேரியா எல்லாம் பகலில் இலைத்துளைகளைப் பெரும்பாலும் மூடிவைத்துக்கொண்டு இரவில்தான் திறக்கும். ஆவியாகப் போகும் நீர் குறைவு, அதனால் ரோஜாவுக்கும் மல்லிக்கும் ஊற்றுகிற கணக்கு இதற்கு ஆகாது. சென்னைக் கோடையில் இரவும் புழுங்குவதால் எச்சிவேரியா வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும். வெயில் கொளுத்துகிறதே என்று அப்போது கூடுதலாக ஊற்றினால் அழுகத்தான் செய்யும்.

மூன்றாம்மாடி:
ஜேட்டில் ஈர்க்குச்சி பாதிவரை கருத்து, மண்ணோடு வந்தது. தொட்டியை வெளிக்கிண்ணத்திலிருந்து தூக்கினால் அடியில் தண்ணீர் நிற்கிறது! எச்சிவேரியாவில் குச்சி சுத்தமாகக் காய்ந்து வந்தது, கீழ் இலைகளும் மெலிந்திருக்கின்றன.

தொட்டிக்காரி:
அப்படியென்றால் எச்சிவேரியாவுக்கு இன்றே ஊற்றலாம், ஜேட்டுக்கு ஒரு சொட்டு கூட வேண்டாம்.

ஜேட்டை வெளியே எடுத்து மண்ணை உதறுங்கள். அழுகிய வேர் கறுத்திருக்கும். இழுத்தால் மேல்தோல் மட்டும் கையோடு வரும். அதையெல்லாம் வெட்டிவிடுங்கள். தண்டின் வெட்டுவாயில் பழுப்பு தெரிந்தால், சுத்தமான பச்சை வரும்வரை மேலே மேலே வெட்ட வேண்டும். மனசு கேட்காது, ஆனாலும் வெட்டுங்கள். நிழலில் போட்டு வெட்டுவாய் காய்ந்த பிறகு, பருமணலும் பொடித்த செங்கல் துண்டும் பாதிக்குப் பாதி கலந்த மண்ணில் நடுங்கள். நட்ட கையோடு தண்ணீர் வேண்டாம், ஒரு வாரம் போகட்டும்.

எச்சிவேரியாவுக்கு மேலே ஊற்றினால் பக்கவாட்டில் வழிந்து ஓடிவிடும். முழுக்கக் காய்ந்த தென்னைநார்த் தூள் தண்ணீரைச் சட்டென்று ஏற்காது. ஒரு தட்டில் தண்ணீர் வைத்து அரை மணி நேரம் தொட்டியை அதில் உட்காரவையுங்கள். இலைகளின் நடுவில் தண்ணீர் விழுந்துவிட்டால் வாயால் ஊதிவிடுங்கள், அங்கே தேங்கினால் குருத்து அழுகும்.