மறு: "அன்கோடிஃபைடு லா" – தொகுக்கப்படாத சட்டமா?

வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் "அன்கோடிஃபைடு லா" என்பதற்குத் "தொகுக்கப்படாத சட்டம்" என்று இருக்கிறது. இந்தியாவில் 1955, 1956ஆம் ஆண்டு இந்து திருமண, வாரிசுரிமைச் சட்டங்கள் வருமுன் இந்துக்களிடையே வழக்காறாக நிலவியதையும் இதே சொல்லால்தான் குறிக்கிறோம். அமெரிக்க மாநிலச் சட்டங்களில் பொருளே வேறு. சட்டமன்றம் நிறைவேற்றியது, நடப்பில் உள்ளது. ஆனால் சட்டங்களைப் பொருள்வாரியாக அடுக்கிய "கோடு" என்ற நூலில் மட்டும் இடம்பெறாதது.

எடுத்துக்காட்டாக, ஒகையோ மாநிலத்தில் நிதி ஒதுக்கீடு, அரசு நிலத்தைக் கைமாற்ற அனுமதி, ஒரு திருத்தம் எந்த நாளுக்குப் பிறகான வழக்குகளுக்குப் பொருந்தும் என்ற விதி ஆகியவை பெரும்பாலும் இப்படித்தான் நிற்கின்றன. கடைசியாகச் சொன்னதுதான் ஆபத்தானது. கோடின் பிரிவை மட்டும் படித்தால் அது கண்ணில் படாது. திருத்தம் செய்த மசோதாவை எடுத்து, கோடு எண் இல்லாத பிரிவுகளையும் கடைசிவரை படிக்க வேண்டும்.

"தொகுப்புறச் சட்டம்" சரிப்படுமா?

—

> "தொகுப்புறச் சட்டம்" சரிப்படுமா?

வேண்டாம் ஐயா. தொகுப்புக்குப் புறம்பானது என்று நீங்கள் கருதினாலும், படிப்பவர் தொகுப்பு + உற என்றுதான் பிரிப்பார். பொருள் தலைகீழாகிவிடும். "தற்காலிகச் சட்டம்" என்ற பழைய பரிந்துரையும் ஆகாது. இவற்றில் நிலையானவையும் உண்டு.

"தொகுக்கப்படாத" என்பதே பிழை என்பேன். இச்சட்டங்கள் "லாஸ் ஆஃப் ஒகையோ" தொகுதிகளில் கூட்டத்தொடர் வரிசைப்படி தொகுக்கப்பட்டே இருக்கின்றன. இல்லாதது பொருள்வரிசைதான். இலங்கையில் பீனல் கோடைத் "தண்டனைச் சட்டக்கோவை" என்கிறார்கள். முறைப்படி கோத்தது கோவை. எனவே கூட்டத்தொடர் நூலுக்குத் தொகுப்பு, கோடுக்குச் சட்டக்கோவை, இதற்குக் "கோவை சேராச் சட்டம்" என்று வைத்தால் மூன்றும் ஒன்றோடொன்று மயங்கா.

—

"கோவை சேராச் சட்டம்" எனக்கு உடன்பாடே. தமிழ்நாட்டு வாசகர் கோயம்புத்தூரை நினைப்பார் என்பதால், முதல்முறை வருமிடத்தில் "சட்டக்கோவை சேராச் சட்டம்" என்று முழுதாக எழுதுவோம்.

தொகுப்பு, கோவை வேறுபாடு தேடும்போதும் உதவும். ஒகையோவின் இன்றைய கோவை 1953 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. அதற்கு முன்னது 1910ஆம் ஆண்டின் ஜெனரல் கோடு. பிரிவின் அடியில் உள்ள வரலாற்றுக் குறிப்பில் பழைய கோவை எண் இருக்கும். அதையடுத்து "103 வி 72" போல வந்தால் "லாஸ் ஆஃப் ஒகையோ" 103ஆம் தொகுதி, 72ஆம் பக்கம் என்று படிக்க வேண்டும்.

பிந்தைய குறிப்புகளில் பக்கத்துக்குப் பதில் மசோதா எண் வரும். "134 வி எச் 511" (எச் என்பது கீழவை மசோதா) என்பது 1974 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்த குற்றவியல் சட்டச் சீர்திருத்தம். இங்கே 134 தொகுதி எண். சட்டமன்றத்தின் எண் அன்று. அந்தச் சட்டமன்றம் 109ஆவது. 134ஆவது சட்டமன்றம் 2021-22இல்தான் கூடியது. இதைக் குழப்பினால் ஐம்பது ஆண்டு தள்ளிப்போய்த் தேடிக்கொண்டிருப்போம். ஆகவே தமிழில் "தொகுதி 134" என்று வெளிப்படையாகவே எழுதிவிடுவது நல்லது.

ஒரு கோவை சேராப் பிரிவைப் பின்வந்த மசோதாக்கள் திருத்தியிருக்கலாம். "இன்ன மசோதாவின் இன்ன பிரிவு, இன்ன மசோதாவால் திருத்தப்பட்டவாறு" என்ற சங்கிலி கிடைத்தால் ஒவ்வொரு கண்ணியையும் எடுத்துப் பார்க்க வேண்டும். இவ்வாறு திருத்தப்பட்ட பிரிவுக்கு என்ன சொல் என்பதையும் இந்த இழையிலேயே முடிவுசெய்யலாமா?