வயர்ல மாட்டின கதைகள்: ஹோம் தியேட்டர் கேபிள் அனுபவங்கள்

பின்பெஞ்ச் ரசிகன்:

ரெண்டு மாசமா என் புரொஜெக்டரைத் திட்டாத நாள் இல்லை. பாவம், அது மேல தப்பே இல்லைன்னு போன வாரம்தான் தெரிஞ்சது.

வீடு கட்டும்போதே சுவத்துக்குள்ள பைப் போட்டு, 12 மீட்டர் ஹெச்டிஎம்ஐ கேபிளை இழுத்து, பூசி, பெயின்ட்டும் அடிச்சாச்சு. அப்போ இருந்தது 1080பி (ஃபுல் ஹெச்டி) புரொஜெக்டர். ஆறு வருஷம் ஒரு தொந்தரவும் கிடையாது. இப்போ அதைவிட நாலு மடங்கு புள்ளி உள்ள 4கே வாங்கி அதே கேபிள்ல மாட்டினேன். டிஸ்க்ல படம் போட்டா அருமையா ஓடுது. பிளேயரோட மெனுவுக்கு வந்தா திரை கறுப்பாகி, ரெண்டு செகண்ட் கழிச்சு உயிர் வருது. மேட்ச் போட்டா மைதானம் முழுக்க வெள்ளை வெள்ளையா பொறி பறக்குது.

"படம் ஓடுதே, அப்போ கேபிள் நல்லாத்தானே இருக்கு"ன்னு நானே தீர்ப்பு எழுதிட்டு, ரிசீவரை (பிளேயருக்கும் புரொஜெக்டருக்கும் நடுவுல இருக்கற ஆம்ப்ளிஃபையர் பெட்டி) சர்வீசுக்குக் கொடுத்தேன். பத்து நாள் கழிச்சு "குறை ஒண்ணும் இல்லை"ன்னு திரும்பி வந்தது. கடைசியில மச்சான் வந்தார். பிளேயரைத் தூக்கி புரொஜெக்டர் பக்கத்துல ஸ்டூல் மேல வெச்சு, ரெண்டு மீட்டர் கேபிள்ல நேரா மாட்டினார். பொறியும் இல்லை, கறுப்பும் இல்லை. அரை நிமிஷ வேலை!

கணக்குப் போட்டுப் பார்த்தா விஷயம் புரியுது. 1080பியில நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) ஓட, கேபிள்ல நொடிக்கு சுமார் 4.5 கிகாபிட் டேட்டா போனா போதும். 4கே சினிமா 24 ஃபிரேம்தான், அது ஏறக்குறைய 9. மெனுவும் மேட்சும் 4கே 60 ஃபிரேம், கிட்டத்தட்ட 18. என் பழைய கேபிள் 'ஹை ஸ்பீட்' ரகம், 10.2 வரைக்கும்தான் அதுக்குக் கணக்கு. அதுவும் 12 மீட்டர் நீளத்துல. சினிமா தப்பிச்சது, மேட்ச் மாட்டிக்கிச்சு.

இப்போ கேள்வி: சுவத்தை உடைக்காம மாத்த வழி இருக்கா? யாராவது செஞ்சிருக்கீங்களா?

ரிமோட் எங்கே:

உங்களுக்காவது காரணம் இருந்தது. நான் காரணமே இல்லாமல் ஏமாந்தவன்.

டிவி வாங்கிய கடையில் விற்பனையாளர் ஒருவர், "இவ்வளவு பெரிய டிவிக்குச் சாதா கேபிளா சார்?" என்று கேட்டார். அந்த 'சாதா' என்ற சொல்லில்தான் விழுந்தேன். தங்க முலாம், துணி உறை, மரப்பெட்டி. கறுப்பு இன்னும் கறுப்பாகத் தெரியும் என்றார். வீட்டுக்கு வந்து பார்த்ததும் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அதுதான் வேடிக்கை.

வீட்டம்மாவுக்குச் சந்தேகம். "நீங்க வெளியே நில்லுங்க, நான் மாத்தி மாத்தி மாட்டறேன்" என்றாள். பத்து முறை. செட்டாப் பாக்ஸோடு சும்மா வந்த கேபிளை நான் ஆறு முறை "இதுதான் விலை உயர்ந்தது" என்று அடித்துச் சொல்லியிருக்கிறேன். இன்றுவரை விருந்தாளிகளிடம் சொல்லிக் காட்டுகிறாள்.

பழைய அனலாக் காலத்துப் புத்தி நமக்கு. ஹெச்டிஎம்ஐயில் போவது பூஜ்யமும் ஒன்றும். வந்து சேர்ந்தால் படம் முழுசாக வரும். சேராவிட்டால் பொறி, கறுப்பு, சத்தம் விட்டு விட்டு. நடுவில் 'கொஞ்சம் மங்கல்' என்று ஒரு நிலை கிடையாது. இப்போது நான் பார்ப்பது பெட்டியில் உள்ள சான்றிதழ் ஸ்டிக்கரை மட்டும்தான். 4கே 60க்கு 'பிரீமியம் ஹை ஸ்பீட்', அது 18 கிகாபிட். கேம் கன்சோலில் 4கே 120 வேண்டுமென்றால் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்', 48 கிகாபிட். ஸ்டிக்கரில் இருக்கும் க்யூஆர் கோடை ஃபோனில் ஸ்கேன் செய்தால் அசலா போலியா என்று தெரிந்துவிடும். '2.1 கேபிள்' என்று பெரிதாக அச்சடித்துவிட்டு ஸ்டிக்கர் இல்லாமல் வரும் பெட்டியை நான் தொடுவதில்லை. 2.1 என்பது கருவிக்கான பதிப்பு எண், கேபிளின் ரகம் அல்ல.

கண்ணாடி நார்:

@பின்பெஞ்ச் ரசிகன், 12 மீட்டருக்குச் செம்புக் கம்பியை மறந்துடுங்க. 48 கிகாபிட்டைச் செம்புல அஞ்சு மீட்டர் தாண்டி இழுக்கறதே குதிரைக்கொம்பு. ஆக்டிவ் ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ வாங்குங்க, உள்ளே கண்ணாடி இழை. நான் 15 மீட்டர் போட்டு மூணு வருஷம் ஆச்சு.

பழைய கேபிள் வாலிலேயே புதுசைக் கட்டி இழுக்கலாம். ஆனா தலை பெருசு, பைப் முழங்கையில மாட்டும். தலையைத் தனியா கழட்டி மாட்டற மாடல்களும் இருக்கு, அதைத் தேடுங்க. மடக்கி இழுக்காதீங்க, இழை ஒடிஞ்சா அவ்வளவுதான்.

பழைய ஆம்ப்ளிஃபையர்:

எல்லாரும் படத்தைப் பத்தியே பேசுகிறீர்கள். தம்பிகளே, ஸ்பீக்கர் வயர் என்று ஒன்று இருக்கிறது.

போன வருடம் பின்பக்க ஸ்பீக்கருக்கு ஒரு சுருள் 16 கேஜ் (தடிமன் எண்) வயர் வாங்கினேன். கையில் எடுத்தபோதே கனம் குறைவாகத் தோன்றியது. முனையைப் பிளேடால் சீவினால் மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு பூசிய வயர். லேபிளில் 'சிசிஏ' என்று எறும்பு சைஸில் போட்டிருந்தான். படிக்காதது என் தப்பு.

அதற்குச் சுத்தச் செம்பைவிட மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல். 16 கேஜ் செம்பு பத்து மீட்டர் போனால், போக வர சேர்த்துச் சுமார் 0.26 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு ஐந்து சதவீதம், அதாவது 0.4 ஓம் வரை தாங்கும் என்பது பழைய கணக்கு. சிசிஏ என்றால் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. நாலு ஓம் ஸ்பீக்கராக இருந்தால் செம்பிலேயே 14 கேஜுக்குப் போக வேண்டும். எண் குறையக் குறைய வயர் தடிமன் ஏறும், புதிதாக வருபவர்கள் இதில் தலைகீழாக வாங்கிவிடுகிறார்கள்.

வயரை மாற்றியும் சத்தம் சரியில்லை. பேஸ் காணோம், பாட்டு எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. இரண்டு நாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பிறகுதான் ஒன்றரை வோல்ட் பேட்டரி ஞாபகம் வந்தது. ஆம்ப்ளிஃபையரில் இருந்து வயரைக் கழற்றி, பாசிடிவ் முனையை பேட்டரியின் பாசிடிவில் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளியே தள்ள வேண்டும். முன் இடது ஸ்பீக்கர் 'டொக்' என்று உள்ளே போனது. சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கிறது. நாற்பது வருடமாக இதே வேலை, இன்னும் மாற்றி மாட்டுகிறேன்.

சவுண்ட்பார் போதும்:

என்னுது சின்னக் கதை. ஆப்டிகல் ஆடியோ கேபிள் போட்டுட்டு அட்மாஸ் (தலைக்கு மேலேயும் சத்தம் வர்ற டால்பி ரகம்) ஏன் வரலைன்னு ஒரு மாசம் தேடினேன். அந்த வயர்ல பழைய 5.1 வரைக்கும்தான் போகும். ஹெச்டிஎம்ஐக்கு மாத்தினேன், அப்பவும் வரலை. டிவி பின்னாடி நாலு போர்ட், அதுல ஒண்ணுலதான் 'இ-ஏஆர்சி'ன்னு (டிவியில இருந்து சவுண்ட்பாருக்குச் சத்தம் அனுப்புற வழி) எழுதியிருக்கு. நான் மாட்டியிருந்தது அதுக்குப் பக்கத்துல.

கண்ணாடி நார்:

@பழைய ஆம்ப்ளிஃபையர், அண்ணே, சப்-வூஃபர்ல 'ம்ம்ம்ம்'னு ஒரு முனகல், வால்யூமைக் குறைச்சாலும் போகலை. வயர் மாத்தணுமா?

பழைய ஆம்ப்ளிஃபையர்:

கேபிள் டிவி வயர் ரிசீவர் வரை வருகிறதா? அதைப் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். நின்றுவிட்டால் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இணைப்பு இரண்டு வழியில் சுற்றி வருவதால் வரும் முனகல். அந்தக் கேபிள் டிவி வயரில், இந்தச் சுற்றை அறுக்கும் ஐசோலேட்டர் ஒன்று போட்டால் போதும். யாராவது பிளக்கின் எர்த் பின்னை வெட்டச் சொன்னால் கேட்காதீர்கள். ஷாக் அடித்தால் காப்பாற்றுவது அந்தப் பின்தான்.

கண்ணாடி நார்:

பிடுங்கினேன், நின்னுடுச்சு! ரெண்டு வருஷமா அதை ஃபிரிட்ஜ் சத்தம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

பின்பெஞ்ச் ரசிகன்:

அப்டேட். ஆப்டிகல் ஹெச்டிஎம்ஐ கேபிள் வந்தது. தரையில விரிச்சு டெஸ்ட் பண்ணேன், மேட்ச் துல்லியமா ஓடுச்சு. பழைய கேபிள் வால்ல கட்டி, மச்சான் மேல இருந்து இழுக்க, நான் கீழ இருந்து ஊட்ட, முழங்கையில ரெண்டு தடவை நின்னு, ஒரு மணி நேரத்துல வந்து சேர்ந்தது. மாட்டினா திரை வெறும் கறுப்பு. ஒரு பொறிகூட இல்லை.

இழை ஒடிஞ்சுடுச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். மச்சான்தான் டார்ச் அடிச்சு கேபிள் தலையைப் பார்த்தார். பொடி எழுத்துல 'சோர்ஸ்'னு (பிளேயர் பக்க முனை) இருக்கு, அது புரொஜெக்டர் பக்கம் போயிடுச்சு. இந்த ரகம் ஒருவழிப் பாதை, திருப்பி மாட்டினா ஓடாதாம். தலைகீழா இழுத்திருக்கோம்.

மறுபடி உருவி, திருப்பி, மறுபடி இழுத்தோம். ராத்திரி பதினோரு மணிக்கு படம் வந்தது, மெனுவும் சேர்த்து. இந்தத் தடவை கூடவே ஒரு நைலான் கயிறையும் பைப்புக்குள்ள விட்டு வெச்சிருக்கேன்.