சிங்கப்பூர் – நியூயார்க் நேரடி விமானம்: ஆக்சிஜன் கருவிக்கு எந்த நேரத்தைக் கணக்கில் கொள்வது?

நுரையீரல் நோயுள்ள என் அம்மாவை நவம்பர் நடுவில் சாங்கியிலிருந்து நியூயார்க் ஜே.எஃப்.கே. நிலையத்துக்கு நேரடி விமானத்தில் அழைத்துச் செல்கிறேன். கையடக்க ஆக்சிஜன் கருவிக்கு, பயண நேரத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஓடக்கூடிய பேட்டரிகள் உடன் இருக்க வேண்டும் என்பது விமான நிறுவனத்தின் விதி. அந்தப் பயண நேரம் எது என்பதுதான் பிடிபடவில்லை.

இரு நிலையங்களுக்கும் இடையே நேர்த்தொலைவு சுமார் 15,300 கிலோமீட்டர். தொலைவுக் கணிப்பான்கள் அதைச் சராசரி வேகத்தால் வகுத்து 17 மணி நேரம் என்கின்றன. பசிபிக் வழியாகச் சுற்றிப் போகும் பாதையையோ காற்றின் போக்கையோ அவை பார்ப்பதில்லை. பயணச்சீட்டில் உள்ள நேரங்களை, அப்போதிருக்கும் 13 மணி நேர வித்தியாசத்தோடு கணக்கிட்டால் பதினெட்டரை மணி நேரம் வருகிறது. ஆனால் அதில் ஓடுபாதைக்குச் செல்லும் நேரமும் அடங்கும்.

மருத்துவர் சொன்ன அளவில் வைத்து வீட்டில் ஓடவிட்டுப் பார்த்தோம். பெரிய பேட்டரி ஒன்று 9 மணி நேரம் நிற்கிறது. பறக்கும் நேரம் மட்டும் என்றால் மூன்று போதும், அட்டவணை நேரம் என்றால் நான்கு வேண்டும். நான்காவதன் விலை எங்களுக்குப் பெரிய தொகை. வாடிக்கையாளர் சேவையில் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். மருத்துவப் படிவத்திலும் விளக்கம் இல்லை.

இத்தகைய நெடும்பயணத்தில் இக்கருவியோடு சென்றவர்கள் சொல்லுங்கள்: விமானத்தில் ஏற்றும்போது அட்டவணை நேரத்தைக் கணக்கிட்டார்களா, பறக்கும் நேரத்தையா?