மணல் சலிக்கும் உளுவை மெலிந்துகொண்டே போகிறது, உதவி தேவை

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். அதில் உள்ள மஞ்சள் தலை உளுவை மீன் (அறிவியற்பெயர் வலென்சியென்னியா ஸ்ட்ரிகாட்டா, கன்னத்தில் நீலக்கோடு உள்ளது) நாளுக்கு நாள் மெலிகிறது. வயிறு உள்ளே ஒட்டிவிட்டது, தலைக்குப் பின்னால் முதுகும் ஒடுங்கிவிட்டது. ஆனாலும் விடிந்தது முதல் மணலை வாயால் அள்ளிச் செவுள் வழியே சலித்துக்கொண்டே இருக்கிறது. கடலில் என்றால் மணலுக்குள் புழு, சிறு இறால் வகை என்று ஏதாவது அகப்படும். இங்கே அவ்வளவு சலித்தும் ஒன்றும் கிடைப்பதில்லை. பார்க்க மனம் பொறுக்கவில்லை.

தொட்டி 200 லீற்றர், மெல்லிய மணல், வெப்பம் 27 பாகை, உப்படர்த்தி 1.025. மீனுக்கு நஞ்சான அமோனியா, நைத்திரைற்று இரண்டும் நீரில் பூச்சியம். போன வாடைக்காலத்தில் வாங்கினேன், சித்திரைக்குப் பிறகுதான் மெலிவு தெரிந்தது.

உறைந்த ஆர்ட்டீமியா (இறால் போன்ற சிறு உப்புநீர் உயிரி), நறுக்கிய இறால், கூனி எல்லாம் குழாயால் மணலருகே விட்டுப் பார்த்தேன். சாப்பிடுகிறது, ஆனால் உடம்பில் ஒட்டவில்லை. மற்ற மீன்கள் பறிக்காமல் தடுப்புப் போட்டேன். குடற்புழு மருந்தும் தீனியில் கலந்து கொடுத்தாயிற்று. கடையில் 'இந்த இனம் அப்படித்தான்' என்கிறார்கள், என்னால் அதை ஏற்க முடியவில்லை.

இப்படி மெலிந்த உளுவையைத் தேற்றியவர்கள் என்ன தீனி, நாளுக்கு எத்தனை தடவை கொடுத்தீர்கள்?